வரச் சொன்ன நோட்டீஸில் தேதி இல்லை

2018 செப்டம்பரில் டல்லாஸ் நகரத்துப் பத்திரிகையில் ஒரு செய்தி வந்தது. குடியேற்ற நீதிமன்றத்தில் செப்டம்பர் 31 அன்று ஆஜராக வேண்டும் என்று சிலருக்கு அமெரிக்க அரசிடமிருந்து நோட்டீஸ் போயிருந்தது. செப்டம்பருக்கு முப்பது நாள்தான். வேறு சிலருக்கு நள்ளிரவு 12 மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். சிலருக்குக் கொடுத்த நாள், நீதிமன்றமே பூட்டிக் கிடக்கும் விடுமுறை நாள். அடுத்த ஆண்டு ஜனவரி 31 அன்று பல நகரங்களில் குடியேற்ற நீதிமன்ற வாசல்களில் பெரும் கூட்டம் வரிசையில் நின்றது. கடுங்குளிர் காலம். கைக்குழந்தையோடு வந்தவர்களும், விடிவதற்கு முன்பே பல மணி நேரம் வண்டி ஓட்டி வந்தவர்களும் அந்த வரிசையில் இருந்தார்கள். உள்ளே போய்க் கேட்டால், அவர்களில் பலருடைய பெயர் அன்றைய பட்டியலிலேயே இல்லை.

வராமல் இருந்திருக்கலாமே என்று நமக்குத் தோன்றலாம். அவர்களால் அப்படி இருக்க முடியாது. அந்த நீதிமன்றத்தில் ஒரு வாய்தாவைத் தவறவிட்டால், ஆளைப் பார்க்காமலே நாடு கடத்தும் உத்தரவு போட முடியும். தேதி உண்மையா பொய்யா என்று சோதித்துப் பார்க்கும் ஆபத்தை எந்தத் தாயும் தகப்பனும் எடுக்க மாட்டார்கள்.

இந்தக் குழப்பத்துக்குப் பின்னால் இருபது வருடத்துக் கதை இருக்கிறது. கதையின் நடுவில் இருப்பது ஒரு சின்னக் காகிதம். நோட்டீஸ் டு அப்பியர் என்று பெயர். இங்கே ஆஜர் நோட்டீஸ் என்று சொல்லிக்கொள்வோம். அமெரிக்காவில் ஒருவரை நாட்டைவிட்டு அனுப்பும் வழக்கு இந்த நோட்டீஸில்தான் தொடங்குகிறது. இதை எழுதிக் கொடுப்பது உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை. எல்லைக் காவல், உள்நாட்டில் ஆட்களைப் பிடிக்கும் ஐஸ், விசா நீட்டிப்பு மனுக்களைப் பார்க்கும் யுஎஸ்சிஐஎஸ் ஆகிய மூன்றும் அந்தத் துறைக்குள் வருகின்றன. வழக்கை விசாரிக்கும் குடியேற்ற நீதிமன்றமோ நீதித் துறையின் கையில் இருக்கிறது. பெயர்தான் நீதிமன்றம், அங்கே உட்கார்ந்திருக்கும் நீதிபதிகள் நீதித் துறையின் ஊழியர்கள். இப்படி ஒரு துறை நோட்டீஸ் கொடுக்க, இன்னொரு துறை வாய்தா போடுகிறது. பின்னால் வரும் சிக்கலில் பாதிக்கு மேல் இந்தப் பிரிவிலிருந்து வந்ததுதான்.

நோட்டீஸில் என்னென்ன இருக்க வேண்டும் என்று 1996ல் நாடாளுமன்றம் போட்ட சட்டம் வரிசையாகச் சொல்கிறது. அந்தச் சட்டம் 1997 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இது என்ன மாதிரி வழக்கு, எந்தச் சட்டத்தின் கீழ் நடக்கிறது, நீங்கள் செய்ததாகச் சொல்லப்படும் செயல் என்ன, எந்தப் பிரிவை மீறியதாகக் குற்றச்சாட்டு என்பதெல்லாம் இருக்க வேண்டும். உங்கள் செலவில் வக்கீல் வைத்துக்கொள்ளலாம் என்பதையும், முகவரி மாறினால் உடனே தெரிவிக்க வேண்டும் என்பதையும், வராவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் எழுத வேண்டும். இவற்றோடு, விசாரணை எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் என்பதும் இருந்தாக வேண்டும். இது சட்டத்தின் முதல் பத்தி. குறித்த நேரமோ இடமோ மாறினால் புது நேரத்தைச் சொல்லி இன்னொரு நோட்டீஸ் தர வேண்டும் என்கிறது இரண்டாவது பத்தி. இந்த இரண்டு பத்திகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இதற்கு முன்பிருந்த 1990ஆம் ஆண்டுச் சட்டம் சில விஷயங்களில் இதைவிட ஈரமுள்ளதாக இருந்தது. நோட்டீஸ் ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் இருக்க வேண்டும் என்றது. நேரில் கொடுக்க முடியாவிட்டால் சான்றளிக்கப்பட்ட தபாலில் அனுப்ப வேண்டும் என்றது. நம்மூர்ப் பதிவுத் தபால் மாதிரி, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பது. விசாரணைக்குக் குறைந்தது 14 நாள் அவகாசம் தந்தது. 1996ல் இந்த மூன்றுமே போயின. ஸ்பானிய மொழி தேவையில்லை, சாதாரணத் தபால் போதும், அவகாசம் பத்து நாள். பதிலுக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று. முன்பு நேரமும் இடமும் தனியாகப் பின்னால் வரலாம் என்றிருந்தது. இனி அவை நோட்டீஸிலேயே இருக்க வேண்டும் என்று ஆனது.

அந்த ஒன்றைத்தான் அரசு நிறைவேற்றவில்லை. 1997ல் அரசு தனக்குத்தானே ஒரு விதி எழுதிக்கொண்டது. நடைமுறையில் இயலும் இடங்களில் மட்டும் தேதி போட்டால் போதும் என்றது அந்த விதி. நோட்டீஸ் எழுதும் அதிகாரிக்கு நீதிமன்ற நாட்காட்டி தெரியாது, ஆகவே 'பின்னர் நிர்ணயிக்கப்படும்' என்று எழுதிவிடுவார். சில மாதமோ சில வருடமோ கழித்து நீதிமன்றத்திலிருந்து தேதியோடு தனியாக ஒரு கடிதம் வரும். விதிவிலக்காக ஆரம்பித்தது வழக்கமாகவே ஆகிவிட்டது. 2018ல் உச்ச நீதிமன்றத்தில் கேட்டபோது, முந்தைய மூன்று ஆண்டுகளில் கொடுத்த நோட்டீஸ்களில் ஏறக்குறைய 100 சதவீதத்திலும் தேதியோ நேரமோ இல்லை என்று அரசே ஒத்துக்கொண்டது.

தேதி இல்லாவிட்டால் என்ன, பிறகுதான் வருகிறதே என்று கேட்கலாம். தேதியைப் பொறுத்து ஒரு குடும்பத்தின் தலையெழுத்தே மாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. அனுமதி இல்லாமல் அமெரிக்காவில் இருப்பவர் அங்கே பத்து ஆண்டுகள் தொடர்ந்து வாழ்ந்திருந்து, நன்னடத்தை உள்ளவராக இருந்து, அவரை அனுப்பினால் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ உள்ள அவருடைய கணவன், மனைவி, பெற்றோர் அல்லது பிள்ளைக்கு மிக அசாதாரணமான துன்பம் வரும் என்று நிரூபித்தால், நாடு கடத்தலை ரத்து செய்யும்படி நீதிபதியைக் கேட்கலாம். ஓர் ஆண்டுக்கு 4,000 பேருக்குத்தான் இந்தச் சலுகை. கிடைப்பது அரிது, ஆனால் பலருக்கு இருக்கும் ஒரே கதவு அதுதான். இங்கே சட்டம் ஒரு முட்டுக்கட்டை வைத்திருக்கிறது. ஆஜர் நோட்டீஸ் கைக்கு வந்த நாளோடு அந்தப் பத்தாண்டுக் கணக்கு நின்றுவிடும். ஒன்பதாவது வருடத்தில் நோட்டீஸ் வந்து, வழக்கு இன்னும் எட்டு வருடம் இழுத்தாலும் கணக்கு ஒன்பதுதான்.

அப்படியென்றால், தேதி இல்லாத காகிதம் கணக்கை நிறுத்துமா?

பெரேரா எதிர் செஷன்ஸ் என்ற வழக்கு இந்தக் கேள்வியோடுதான் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. வழக்குத் தொடுத்தவர் பிரேசில்காரர். அவருக்கு 2006ல் கிடைத்த நோட்டீஸில் தேதி இல்லை. மறு வருடம் தேதியோடு வந்த கடிதத்தை அவருடைய தபால் பெட்டிக்கு அனுப்பாமல் தெரு முகவரிக்கு அனுப்பினார்கள். கொடுக்க முடியவில்லை என்று அது திரும்பி வந்தது. அவர் வரவில்லை என்று சொல்லி நாடு கடத்த உத்தரவு போட்டார்கள். பல வருடம் கழித்துத்தான் விஷயமே அவருக்குத் தெரிந்தது. 2018 ஜூன் 21 அன்று எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. எழுதியவர் நீதிபதி சோனியா சோட்டோமேயர். நேரமும் இடமும் இல்லாத காகிதம் சட்டம் சொல்லும் ஆஜர் நோட்டீஸே ஆகாது, ஆகவே அது கணக்கை நிறுத்தாது என்றார். மாறுபட்ட ஒரே நீதிபதி சாமுவேல் அலிட்டோ.

தீர்ப்பைக் கேட்ட துறைக்கு இரண்டு வழி இருந்தது. நீதிமன்றத்தோடு பேசி உண்மையான தேதியை வாங்கிப் போடுவது ஒன்று. ஏதாவது ஒரு தேதியைப் போட்டுவிடுவது இன்னொன்று. செப்டம்பர் 31 அங்கேதான் பிறந்தது. சட்டம் கேட்ட கட்டத்தை நிரப்பியாயிற்று என்று கணக்குக் காட்ட எழுதிய அந்தத் தேதியை நம்பி, வேலைக்கு லீவு சொல்லி, கூலியை இழந்து, ஆயிரக்கணக்கானவர்கள் வாசலில் நின்றார்கள். அதிகாரிகளுக்கு அது ஒரு கட்டம். வரிசையில் நின்றவர்களுக்கு அது ஒரு நாள் பிழைப்பு. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அரசு இன்னொரு வாதத்தையும் கையில் எடுத்தது. முதல் காகிதத்தில் குற்றச்சாட்டு இருக்கிறது, இரண்டாவது காகிதத்தில் தேதி இருக்கிறது, இரண்டையும் சேர்த்துப் படித்தால் முழு நோட்டீஸ்தானே? அடுத்து வந்த நிஸ் சாவெஸ் எதிர் கார்லண்ட் வழக்கு இதைப் பற்றியது. 2021 ஏப்ரல் 29 அன்று ஆறுக்கு மூன்று என்று தீர்ப்பு. எழுதியவர் நீல் கோர்சச், டிரம்ப் நியமித்த நீதிபதி. சட்டத்தில் நோட்டீஸ் என்ற சொல்லுக்கு முன்னால் 'ஒரு' என்று பொருள்படும் ஒற்றை எழுத்து இருக்கிறது, ஆகவே ஒரே காகிதத்தில் எல்லாம் இருக்க வேண்டும் என்றார். துண்டு துண்டாகக் கொடுத்தால் ஒரு நோட்டீஸ் ஆகாது.

தமிழில் இந்த வாதத்தைச் சொல்லும்போது ஒரு சங்கடம் இருக்கிறது. 'நோட்டீஸ் வந்திருக்கிறது' என்றுதான் நாம் பேசுவோம்; 'ஒரு நோட்டீஸ்' என்று எண்ணிச் சொல்ல மாட்டோம். ஆங்கிலத்தில் அந்த ஓர் எழுத்து இல்லாமல் வாக்கியமே அமையாது. எங்கும் பரந்து கிடக்கும் அந்த எழுத்து, எல்லாம் ஒரே காகிதத்தில் இருந்தாக வேண்டும் என்று காட்டிவிடாது என மாறுபட்ட நீதிபதிகள் சொன்னதில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் கோர்சச் சொன்ன இன்னொரு காரணம் இலக்கணத்தைவிட ஆழமானது. அதிகாரத்தைக் கட்டிப்போடச் சட்டத்துக்கு இருக்கும் கயிறு சொல்தான் என்றார். அரசோடு பழகும் மனிதர்கள் ஒவ்வொரு விதியையும் பிசகாமல் பின்பற்ற வேண்டுமென்றால், மனிதர்களோடு பழகும் அரசும் அப்படியே நடக்கட்டும் என்பது அவர் தீர்ப்பை முடித்த கருத்து. படிவத்தில் ஒரு கையெழுத்து விடுபட்டாலும், அதை ஒரு நாள் தாமதமாகக் கொடுத்தாலும் மனுவைத் தள்ளுபடி செய்கிற அலுவலகங்களைப் பார்த்தவர்களுக்கு அந்த வரியின் எடை புரியும்.

இந்த இரண்டு தீர்ப்பும் பத்தாண்டுக் கணக்கைப் பற்றியவை. ஆளில்லாமல் போடும் உத்தரவு தனி விஷயம், என் பார்வையில் அதுதான் இன்னும் கொடுமையானது. நம்மூர் நீதிமன்றங்களில் எக்ஸ்பார்ட்டி என்பார்கள்; எதிர்த்தரப்பு வராததால் ஒருதரப்பாகத் தீர்த்துவிடுவது. நிலத் தகராறில் எக்ஸ்பார்ட்டி ஆனாலே குடும்பம் ஆடிப்போகும். இங்கே போவது நிலமல்ல, இருக்கும் நாடு. அமெரிக்கச் சட்டப்படி, எழுத்துமூலம் நோட்டீஸ் கொடுத்ததையும், அந்த ஆள் நாடு கடத்தத் தக்கவர் என்பதையும் அரசு தெளிவாக நிரூபித்தால் போதும். வராதவரை வெளியேற்ற நீதிபதி உத்தரவிட வேண்டும். வராமல் போனால் என்ன ஆகும் என்பதை அவருக்குத் தெரிந்த மொழியில் வாயால் சொல்லியிருந்தால், அடுத்த பத்து வருடத்துக்கு ரத்துச் சலுகை, கிரீன் கார்டுக்கு மாறுவது போன்ற வழிகளும் அடைபடும்.

அந்த உத்தரவை உடைக்க மூன்று வழிகள் உண்டு. தனக்குக் கடும் நோய், நெருங்கிய உறவில் சாவு, வீட்டில் அடி உதை போன்ற அசாதாரணக் காரணம் இருந்தால் 180 நாளுக்குள் மனுப் போடலாம். அன்றைக்கு அரசின் காவலிலேயே, அதாவது சிறையிலோ தடுப்பு முகாமிலோ இருந்திருந்தால் எப்போது வேண்டுமானாலும் போடலாம். மூன்றாவது, நோட்டீஸ் கிடைக்கவில்லை என்பது. இதற்கும் காலக்கெடு கிடையாது.

சரி, தேதி இல்லாத நோட்டீஸ் கிடைத்தவர், 'எனக்குச் சட்டப்படியான நோட்டீஸே கிடைக்கவில்லை' என்று சொல்லலாமா? முதல் இரண்டு தீர்ப்பையும் படித்தவர்கள் சொல்லலாம் என்றே நினைத்தார்கள். 2024 ஜூன் 14 அன்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று முடியாது என்றது. காம்போஸ் சாவெஸ் எதிர் கார்லண்ட் என்ற அந்த வழக்கோடு சேர்த்து விசாரித்த வழக்குகளில் ஒன்று இந்தியக் குடிமகன் ஒருவருடையது. இந்த முறை தீர்ப்பை எழுதியவர், 2018ல் தனியாக மாறுபட்டு நின்ற அதே அலிட்டோ. முன்பு 'ஒரு' என்ற சொல்லில் நின்ற வழக்கு இப்போது 'அல்லது' என்ற சொல்லில் நின்றது. முதல் பத்தியின்படியோ அல்லது இரண்டாம் பத்தியின்படியோ நோட்டீஸ் கிடைக்காதவர்தான் உத்தரவை உடைக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. தேதியோடு பின்னால் வந்த கடிதம் இரண்டாம் பத்தி நோட்டீஸ். தவறவிட்ட விசாரணையின் நேரம் அதில் இருந்தது. ஆகவே முதல் நோட்டீஸில் குறை இருந்தாலும் பரவாயில்லை என்றார் அலிட்டோ.

மாறுபட்டு எழுதியவர் கேட்டன்ஜி பிரவுன் ஜாக்சன். சோட்டோமேயரும் ககனும் அவரோடு நின்றார்கள், கூடவே கோர்சச்சும். இரண்டாம் பத்தி சொல்வது மாற்றத்தைப் பற்றி. முதலில் ஒரு தேதி இருந்தால்தானே அதை மாற்ற முடியும்? இல்லாத தேதியை எப்படி மாற்றுவது என்பது அவர்கள் கேள்வி. எனக்கு அந்தக் கேள்விக்குப் பெரும்பான்மைத் தீர்ப்பில் திருப்தியான பதில் கிடைக்கவில்லை. 'பின்னர் நிர்ணயிக்கப்படும்' என்பதும் ஒரு நிலைதான், அதிலிருந்து குறித்த நேரத்துக்குப் போவதும் மாற்றம்தான் என்று படிப்பது, சொல்லை அரசுக்குச் சாதகமாக இழுப்பதாகவே படுகிறது. பெரும்பான்மையின் பக்கத்தில் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். தேதி தெரிந்தும் வராதவர்கள் எத்தனை வருடம் கழித்தும் முதல் காகிதத்தின் குறையைக் காட்டி வழக்கைத் திறக்கலாம் என்றால், பழைய உத்தரவுகளில் பெரும்பகுதி ஆட்டம் காணும். ஆனால் அந்தக் குவியலைச் சேர்த்தது யார்? இருபது வருடம் தேதி போடாமல் விட்ட துறைதான்.

இத்தனை நேரம் காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்பதைப் பார்த்தோம். அது கைக்கு வந்ததா என்பது அடுத்த விஷயம். எனக்குத் தெரிந்தவரை தேதியைவிட அதிகம் பேரைக் கவிழ்ப்பது முகவரிதான்.

சட்டப்படி, கடைசியாக நீங்கள் கொடுத்த முகவரிக்கு நோட்டீஸை அனுப்ப முயன்றதற்குச் சான்று இருந்தால், கொடுத்ததாகவே கொள்ளப்படும். முகவரியே கொடுக்காதவருக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டிய கட்டாயம்கூட இல்லை. இப்போது, எல்லையைத் தாண்டி வந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். கையிலிருக்கும் முகவரி, யாரோ ஒரு மாமாவின் நண்பர் வீடு. ஒரு மாதத்தில் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விடுகிறார். தபால் பெட்டியில் அவர் பெயர் இல்லை. நீதிமன்றக் கடிதம் பழைய வீட்டுக்குப் போகிறது. அந்த வீட்டுக்காரர் அதை விளம்பரக் காகிதங்களோடு சேர்த்துக் குப்பையில் போடுகிறார். அவ்வளவுதான், ஒரு வழக்கு முடிந்துவிடும். 2019ல் புகலிடம் கேட்டவர்களை மெக்சிகோவிலேயே காத்திருக்கச் சொன்ன திட்டத்தில் எல்லை அதிகாரிகள் நிலைமையை இன்னும் மோசமாக்கினார்கள். சிலருடைய நோட்டீஸில் முகவரி என்ற இடத்தில் 'ஃபேஸ்புக்' என்று எழுதியிருந்ததைப் பத்திரிகைகள் வெளியிட்டன.

முகவரி மாறினால் ஐந்து நாளுக்குள் நீதிமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்கென்று இஓஐஆர் 33 என்று ஒரு படிவம் இருக்கிறது. இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். யுஎஸ்சிஐஎஸ்சுக்கு ஏஆர் 11 என்ற படிவத்தைப் பத்து நாளுக்குள் கொடுத்துவிட்டு, அரசுக்குச் சொல்லியாயிற்று என்று நிம்மதியாக இருப்பார்கள். அல்லது ஐஸ் அலுவலகத்தில் கையெழுத்துப் போடப் போகும்போது புது முகவரியைச் சொல்லியிருப்பார்கள். நீதிமன்றத்தின் கணக்கில் இவை சேராது. அது வேறு துறை. குடிமக்களே ஓர் அலுவலகத்தில் சொன்னால் எல்லா இடத்துக்கும் தெரிந்துவிடும் என்று நினைக்கும்போது, வந்து ஆறு மாதம் ஆன ஒருவருக்கு இரண்டு துறைகளின் எல்லைக்கோடு எப்படித் தெரியும்?

கடிதம் வரவில்லை என்று ஒருவர் சொன்னால் நம்புவார்களா? குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் 2008ல் ஒரு வழக்கில் இதற்கு ஓரளவு நியாயமான வழி சொன்னது. சரியான முகவரி எழுதித் தபாலில் போட்டால் அது போய்ச் சேர்ந்திருக்கும் என்ற அனுமானம் உண்டு. ஆனால் சாதாரணத் தபாலுக்கு அந்த அனுமானம் சான்றளித்த தபாலைவிட வலு குறைந்தது. கடிதம் வரவில்லை என்று சம்பந்தப்பட்டவரும் வீட்டில் இருந்தவர்களும் எழுதித் தரும் பிரமாணப் பத்திரம், விஷயம் தெரிந்ததும் அவர் எவ்வளவு சீக்கிரம் நீதிமன்றத்தை நாடினார் என்பது, முந்தைய வாய்தாக்களுக்கு ஒழுங்காக வந்தாரா, புகலிட மனு போன்று வருவதற்கான காரணம் அவருக்கு இருந்ததா என்பதையெல்லாம் பார்க்க வேண்டும். தாமதம் இங்கே விஷம். உத்தரவு போட்டிருப்பது தெரிந்த பிறகு, பயந்துகொண்டு இரண்டு வருடம் சும்மா இருந்தவரின் பேச்சு எடுபடாது.

பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையாக இருந்தால், யாரோடு அது வசிக்கிறதோ அந்தப் பெரியவரிடம் நோட்டீஸைக் கொடுக்க வேண்டும் என்பது விதி. பிள்ளைக்கும் அரசு செலவில் வக்கீல் கிடைக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது.

நோட்டீஸில் குறை இருந்தால் வழக்கே செல்லாது என்று வக்கீல்கள் பலர் வாதாடிப் பார்த்தார்கள். வாரியம் 2022ல் அதற்கு நடுவாந்தரமான பதில் சொன்னது. தேதி இல்லாததால் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லாமல் போகாது. ஆனால் அது கட்டாயமான நடைமுறை விதி. குற்றச்சாட்டுகளுக்குப் பதில் சொல்லும் கட்டம் முடிவதற்குள் ஆட்சேபம் எழுப்பினால் நீதிபதி அதைக் கவனித்தாக வேண்டும். பிறகு எழுப்பினால் காலம் கடந்துவிட்டது. அதாவது, வக்கீல் இல்லாமல் தனியாக நிற்கும் ஆளுக்கு இந்த உரிமை கையிலிருக்கும்போதே கரைந்துபோகும்.

இன்னொரு பக்கமும் நடந்தது. நோட்டீஸில் தேதியைப் போட்டுவிட்டு, அந்த நோட்டீஸை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யவே துறை மறந்துவிடுவது. ஆள் குறித்த நாளில் வந்து நிற்பார், வழக்கே இருக்காது. சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கி, இந்தத் தரவுகளைத் திரட்டும் டிராக் அமைப்பு, 2021 முதல் மூன்று ஆண்டுகளில் சுமார் 2 லட்சம் வழக்குகள் இப்படித் தாக்கல் ஆகாததால் தள்ளுபடியானதாக 2024ல் கணக்குக் காட்டியது. வழக்குப் போனதே நல்லது என்று தோன்றும். ஆனால் புகலிடம் கேட்க வந்தவருக்கு, மனுவை விசாரிக்க வேண்டிய வழக்கும் சேர்ந்தே போய்விடுகிறது. இதற்கெல்லாம் நடுவில், சுமார் 700 நீதிபதிகளின் மேஜைகளில் 35 லட்சத்துக்கும் மேற்பட்ட வழக்குகள் தேங்கின.

இவ்வளவு குறை சொன்னாலும், ஆஜர் நோட்டீஸ் கிடைப்பவர் ஒரு வகையில் கொடுத்து வைத்தவர். எல்லையில் பிடிபடும் பலருக்கு நோட்டீஸும் இல்லை, நீதிபதியும் இல்லை. விரைவு வெளியேற்றம் என்ற முறையில் அதிகாரியே உத்தரவு போட்டு அனுப்பிவிடலாம். ஊருக்குப் போகப் பயமாக இருக்கிறது என்று சொன்னால் மட்டும் புகலிட அதிகாரி ஒருவர் கேட்டுப் பார்ப்பார். இதில் உச்ச நீதிமன்றம் வரை போனது இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கு. எல்லையிலிருந்து 25 கஜம் உள்ளே வந்த இடத்தில் அவரைப் பிடித்தார்கள். பயத்துக்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்று அதிகாரி முடிவு செய்தார். 2020 ஜூன் 25 அன்று ஏழுக்கு இரண்டு என்று வந்த தீர்ப்பு, அந்த முடிவைச் சாதாரண நீதிமன்றத்தில் எதிர்க்க அவருக்கு உரிமை இல்லை என்றது. அவ்வளவு கொஞ்ச தூரம் வந்தவருக்குச் சட்டம் எழுதிக் கொடுத்த நடைமுறையே உரிய நடைமுறை, அதற்கு மேல் கிடையாது. கோர்சச்சின் 'ஒரு'வும் ஜாக்சனின் 'மாற்ற'மும் அவரிடம் போய்ச் சேரவே இல்லை.

2025ல் நோட்டீஸ் பற்றிய கேள்வி இன்னும் அடிப்படையான இடத்துக்கு வந்தது. 1798ல் போட்ட போர்க்காலச் சட்டம் ஒன்றைக் கொண்டு வெனிசுவேலா நாட்டவர்களை அனுப்ப அரசு முயன்றபோது, எதிர்த்து வழக்குப் போட அவகாசம் இருக்கும்படி முன்கூட்டி நோட்டீஸ் தர வேண்டும் என்று ஏப்ரல் 7 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மே 16 அன்று இன்னும் தெளிவாகச் சொன்னது. எப்படி எதிர்ப்பது என்று ஒரு வார்த்தையும் சொல்லாமல், அனுப்புவதற்கு ஏறத்தாழ 24 மணி நேரம் முன்னால் கொடுக்கும் நோட்டீஸ் போதவே போதாது. இது வந்து இரண்டு மாதம் ஆவதற்குள், சொந்த நாடு அல்லாத மூன்றாம் நாட்டுக்கு அனுப்பும்போது பொதுவாக 24 மணி நேரமும், அவசரம் என்றால் 6 மணி நேரமும் முன்னால் சொன்னால் போதும் என்று ஐஸ் ஒரு சுற்றறிக்கை விட்டது. ஆறு மணி நேரத்தில் தடுப்பு முகாமிலிருந்து ஒரு வக்கீலை ஃபோனில் பிடிப்பதே கடினம்.

மொழி விஷயம் பாக்கி இருக்கிறது. 1901ல் ஜப்பானிலிருந்து சியாட்டிலில் வந்து இறங்கிய ஓர் இளம்பெண்ணின் வழக்கில், 1903ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் முதன்முறையாக ஒன்றைச் சொன்னது. நாட்டுக்குள் வந்துவிட்ட ஒருவரை, தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுக்காமல் அதிகாரிகள் வெளியேற்றக் கூடாது. இன்று வரை நோட்டீஸ் கேட்டு எழும் வாதங்கள் பலவும் அந்த வரியில்தான் கால் ஊன்றி நிற்கின்றன. ஆனால் அதே தீர்ப்பில், ஆங்கிலம் தெரியாததால் நடப்பது விசாரணை என்றே எனக்குப் புரியவில்லை என்று அந்தப் பெண் முறையிட்டதை, அது அவளுடைய துரதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிட்டார்கள். அவளையும் வெளியேற்றலாம் என்றே முடித்தார்கள். நூற்றிருபது வருடம் கழித்தும் ஆஜர் நோட்டீஸ் ஆங்கிலத்தில்தான் வருகிறது.

இது எல்லையைத் தாண்டி வந்தவர்களின் கதை மட்டும் என்று அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் இனி இருக்க முடியாது. 2025 பிப்ரவரி 28 அன்று யுஎஸ்சிஐஎஸ் வெளியிட்ட கொள்கைக் குறிப்பின்படி, விசா நீட்டிப்பு போன்ற மனு தள்ளுபடியாகி, அந்த நேரத்தில் சட்டபூர்வமாக இருக்கும் நிலையும் முடிந்துபோயிருந்தால், அந்த அலுவலகமே ஆஜர் நோட்டீஸ் கொடுக்கும். எச் 1 பி வேலையை இழந்து, அடுத்த மனு தள்ளுபடியான ஒருவர், தானாக ஊருக்குக் கிளம்பிப் போன பிறகும் பழைய வாடகை வீட்டுக்கு நோட்டீஸ் வரலாம். ஊருக்குத்தான் வந்துவிட்டோமே என்று விட்டுவிடக் கூடாது. வழக்கு அங்கே திறந்திருக்கும், வராதவர் பெயரில் உத்தரவு விழும், பிறகு என்றைக்காவது விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது அது எழுந்து நிற்கும். காரணமில்லாமல் விசாரணைக்கு வராதவரை ஐந்து வருடம் உள்ளே விடாமல் தடுக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

நோட்டீஸின் மேல் மூலையில் ஏ என்ற எழுத்தோடு ஓர் எண் இருக்கும். அந்த எண்ணைக் கொண்டு நீதிமன்றத்தின் இணையதளத்திலும் தானியங்கித் தொலைபேசியிலும் அடுத்த வாய்தாவைப் பார்க்கலாம். நோட்டீஸில் தேதி இருந்தாலும் இல்லாவிட்டாலும், கடிதம் வந்தாலும் வராவிட்டாலும், வாரம் ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது. விசாரணையை முந்திய தேதிக்கு மாற்றிவிட்டு, கடிதம் அதற்குப் பின்னால் வந்த கதைகள் உண்டு. காகிதத்தில் உள்ள தேதியும் தளத்தில் உள்ள தேதியும் வேறாக இருந்தால் நீதிமன்றத்தையே கேட்க வேண்டும். பதில் கிடைக்காவிட்டால் காகிதத்தில் உள்ள நாளில் நேரில் போய் நின்று, வந்ததற்கு ஏதாவது அத்தாட்சி வாங்கிக்கொள்ள வேண்டும். நோட்டீஸ் வந்த உறையையும் தூக்கிப் போடக் கூடாது, அதில் உள்ள தபால் முத்திரை பின்னால் சாட்சியாகும். ஆளில்லாமல் உத்தரவு போட்டுவிட்டார்கள் என்று தாமதமாகத் தெரிந்தால்கூட, நோட்டீஸ் கிடைக்கவில்லை என்று வழக்கைத் திரும்பத் திறக்கக் கேட்டு மனுக் கொடுத்த நொடியிலிருந்து, குடியேற்ற நீதிபதி அதைத் தீர்க்கும் வரை அந்த ஆளை நாடு கடத்தக் கூடாது என்று 1996ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. விமான நிலையத்துக்குக் கொண்டுபோகும் வழியில் வக்கீல் அந்த மனுவைத் தாக்கல் செய்தாலும் அது பொருந்தும்.